பழைய கார் ஓட்டினால் குற்றமா?

அம்பத்தூர் தொழிற்பேட்டை ரோடு. சிக்னலில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டிகள் வரிசையாக நிற்கின்றன.

புதுக் கார்களுக்கு நடுவே ஒரு பழைய கார். உருண்டை விளக்குகள். பளபளக்கும் பம்பர். சின்ன உடம்பு.

பக்கத்தில் ஸ்கூட்டரில் இருப்பவர் எட்டிப் பார்க்கிறார்.

"அம்பாசடர்தானே சார்?"

"இல்லைங்க. ஸ்டாண்டர்டு ஹெரால்டு."

"அப்படியா! வெளிநாட்டு வண்டியா?"

"இல்லைங்க. நம்ம வண்டலூர்ல செஞ்சது."

ஸ்கூட்டர்காரர் நம்பவில்லை. சிரிக்கிறார். பச்சை விளக்கு எரிகிறது. போகிற போக்கில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறார்:

"பதினைஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சு சார். பிடிச்சா உடைச்சிடுவாங்க!"

பழைய கார் வைத்திருப்பவர் எவரும் இந்தப் பேச்சுக்குத் தப்ப முடியாது. ஆவடியில் டீக்கடை வாசலில் நிறுத்தினாலும் இதே பேச்சு. பூந்தமல்லியில் பெட்ரோல் போட நின்றாலும் இதே பேச்சு.

அம்பாசடர் என்று சொன்னதில் தவறு இருந்தாலும் நஷ்டம் ஒன்றும் இல்லை. சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆனால் கடைசியாகச் சொன்ன வார்த்தை இருக்கிறதே, அது அப்படிப்பட்டது அல்ல. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுப் பயந்து, அப்பா ஆசையாக வாங்கிய காரைப் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிடும் வீடுகள் உண்டு.

உண்மை என்ன? பார்க்கலாம்.

மூன்று செய்தி, ஒரு குழப்பம்

"15 வருஷம்" என்ற பேச்சு வானத்தில் இருந்து விழவில்லை. மூன்று வெவ்வேறு செய்திகள் வந்தன. ஜனங்கள் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொண்டார்கள்.

முதல் செய்தி டெல்லியைப் பற்றியது. அங்கே காற்று கெட்டுப்போய், குழந்தைகள் மூச்சு விடவே கஷ்டப்படும் நிலை ஏற்பட்டது. அதனால் 10 வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளும், 15 வருஷத்துக்கு மேற்பட்ட பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது. இது டெல்லிக்கும், அதைச் சுற்றியுள்ள பகுதிக்கும் என்று வந்த உத்தரவு. ஆவடிக்கு வந்தது அல்ல.

இரண்டாவது செய்தி அரசாங்க வண்டிகளைப் பற்றியது. 2023 ஏப்ரல் 1ந் தேதி முதல், 15 வருஷம் தாண்டிய அரசாங்க வண்டிகளின் பதிவு செல்லாது என்று மத்திய அரசு விதி கொண்டு வந்தது. கலெக்டர் ஆபீஸ் ஜீப்புக்கு இது பொருந்தும். வீட்டுக் காருக்கு அல்ல.

மூன்றாவது செய்தி வண்டி உடைப்புக் கொள்கை. 2021 பட்ஜெட்டில் இது அறிவிக்கப்பட்டது. அதே வருஷம் ஆகஸ்டு மாதம் பிரதமர் இதைத் தொடங்கி வைத்தார். ஓடத் தகுதி இல்லாத பழைய வண்டியைச் சொந்தக்காரரே முன்வந்து உடைக்கக் கொடுத்தால், புது வண்டி வாங்கும்போது சலுகை உண்டு என்பது இதன் சாரம்.

"கொடுத்தால் சலுகை" என்பது வாய்க்கு வாய் மாறி, "கொடுக்காவிட்டால் தண்டனை" என்று ஆகிவிட்டது!

சட்டம் சொல்வது

அப்படியானால் தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு என்ன சட்டம்?

1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இருக்கிறது. சொந்தக் காரின் பதிவு 15 வருஷம் செல்லும் என்று அது சொல்கிறது. 15 வருஷம் முடிந்தால் வண்டியின் ஆயுள் முடிந்தது என்று சொல்லவில்லை. பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தால் இன்னும் 5 வருஷம். அது முடிந்தால் மறுபடியும் புதுப்பித்து இன்னும் 5 வருஷம். வண்டி நல்ல நிலையில் இருக்கும்வரை இப்படியே போகலாம்.

ஆனால் சும்மா புதுப்பித்துத் தர மாட்டார்கள். வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பிரேக் பிடிக்கிறதா, விளக்கு எரிகிறதா, ஹாரன் அடிக்கிறதா என்று இன்ஸ்பெக்டர் பார்ப்பார். அம்பத்தூர் ஆபீசின் எண் டி.என். 13. பூந்தமல்லி ஆபீசின் எண் டி.என். 12.

பணமும் முன்பு போல் இல்லை. 2022 மார்ச் வரை காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய்தான் கட்டணம். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் இன்னொரு அறிவிப்பு வந்தது. 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். இதற்கு மேல் தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு.

கட்டணம் ஏன் இப்படி ஏறியது? பழைய வண்டிகள் ரோட்டில் குறைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் எண்ணம். தடை போடாமல், செலவை ஏற்றிக் குறைக்கிறார்கள்.

ஆகவே ஸ்கூட்டர்காரர் சொன்னது தவறு. ஆனால் அவர் சொன்னதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. பதிவு முடிந்து போன காரைப் புதுப்பிக்காமல் ஓட்டினால், அது குற்றம்தான். கார் பழையது என்பதால் அல்ல. காகிதம் பழையது என்பதால்!

50 வயதுக்குத் தனி மரியாதை

வண்டிக்கு 50 வயது தாண்டினால் தனி மரியாதை கிடைக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு இதற்கென்று விதி போட்டது.

காரோ, மோட்டார் சைக்கிளோ, வாங்கி முதலில் பதிவு செய்து 50 வருஷம் தாண்டியிருக்க வேண்டும். பழைய உருவம் மாறாமல் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதை "வின்டேஜ்" வண்டி என்று பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 வருஷம் செல்லும். பிறகு புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பலகையில் மாநில எழுத்துக்குப் பின்னால் "வி.ஏ." என்ற எழுத்துகள் வரும். ஏற்கனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக் கொள்ளலாம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வின்டேஜ் என்று பதிவு செய்த வண்டியைத் தினசரி ஆபீசுக்கு ஓட்ட முடியாது. வாடகைக்கும் விட முடியாது. கண்காட்சி, பழைய கார் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேருக்குப் போவது ஆகியவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம்.

ஒரு லாபமும் உண்டு. மூன்றாம் நபர் இன்சூரன்சில், வின்டேஜ் என்று பதிவான சொந்தக் காருக்குப் பிரீமியத்தில் பாதி தள்ளுபடி.

மற்ற நாடுகளிலும் இப்படித்தான். ஜெர்மனியில் 30 வருஷம் தாண்டிய, நல்ல நிலையில் உள்ள காருக்கு "எச்" என்ற எழுத்தோடு தனி நம்பர் பலகை கொடுக்கிறார்கள். இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டிய காருக்குச் சாலை வரி இல்லை. பழைய வண்டிகளுக்கான உலக சம்மேளனம் 30 வயதைக் கணக்காக வைத்திருக்கிறது.

ஆகவே, "இது வின்டேஜ் வண்டியா?" என்று யாராவது கேட்டால், அதற்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. நம் நாட்டில் 50 வயது.

எல்லாம் அம்பாசடரா?

இனி, பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். வளைந்த உடம்பும் உருண்டை விளக்கும் இருந்தால் அம்பாசடர் என்று சொல்லிவிடுகிறார்கள். அது ஏன்?

நாடு விடுதலை அடைந்த புதிதில், இந்தியாவில் பல கம்பெனிகள் கார் பூட்டி விற்றன. வெளிநாட்டில் இருந்து பாகம் வரும். இங்கே பூட்டுவார்கள். நம் எண்ணூரிலும் 1948ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, ஆஸ்டின் கார்களைப் பூட்டியது.

"பூட்டினால் போதாது, பாகங்களையும் இங்கேயே செய்ய வேண்டும்" என்று அரசாங்கம் சொன்னது. அதற்குத் தயாராக இல்லாத அமெரிக்கக் கம்பெனிகள் 1950களின் நடுவில் கடையைக் கட்டின.

அந்தக் காலத்தின் எண்ணத்துக்கு ஆவடியே சாட்சி. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாநாடு ஆவடியில் நடந்தது. சோஷலிச பாணியில் சமுதாயம் அமைப்பது என்ற தீர்மானம் அங்கேதான் நிறைவேறியது. எந்தச் சாமானை யார் செய்யலாம், எத்தனை செய்யலாம் என்பதை அரசாங்கமே தீர்மானித்த காலம் அது.

கடைசியில் கார் செய்ய முக்கியமாக மூன்று கம்பெனிகள் மிஞ்சின. கல்கத்தா பக்கத்தில் ஹிந்துஸ்தான். பம்பாயில் பிரீமியர். சென்னையில் ஸ்டாண்டர்டு.

ஹிந்துஸ்தான் கம்பெனி அம்பாசடருக்கு முன்னால் "லாண்ட்மாஸ்டர்" என்ற காரைச் செய்தது. இரண்டுக்கும் மூல உருவம் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான். அண்ணன், தம்பி மாதிரி. அதனால் லாண்ட்மாஸ்டரைப் பார்த்து அம்பாசடர் என்று சொன்னால் மன்னித்துவிடலாம்! 1950களின் கடைசியில் வந்த அம்பாசடர், 2014 வரை உற்பத்தியானது. மந்திரி முதல் டாக்சிக்காரர் வரை எல்லோரும் அதில் போனார்கள். அதனால் அந்தப் பெயர் ஜனங்கள் மனதில் ஒட்டிக் கொண்டது.

பிரீமியர் கம்பெனி, இத்தாலி நாட்டு பியட் 1100 காரைச் செய்தது. 1970களில் அதற்குப் "பிரீமியர் பத்மினி" என்று பெயர் வந்தது. பெயர் மாறினாலும் ஜனங்கள் விடவில்லை. பியட் என்றே சொன்னார்கள். இன்றும் சொல்கிறார்கள். முந்தைய பியட் கார்களில் முன்கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு தலைகீழாகத் திறக்கும். "கதவைத் தப்பா மாட்டிட்டாங்க" என்று அதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. தப்பு இல்லை. செய்ததே அப்படித்தான்.

வண்டலூர் செல்லப் பிள்ளை

மூன்றில் ஜனங்கள் மறந்தது ஸ்டாண்டர்டு. ஆனால் அதுதான் சென்னையின் சொந்தப் பிள்ளை!

ஸ்டாண்டர்டு கம்பெனி இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1948ல் தொடங்கியது. தொழிற்சாலை வண்டலூரில். வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று பல கார்கள் அங்கே இருந்து வந்தன. 1961ல் ஹெரால்டு வந்தது. அதன் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. எஞ்சின் 948 சி.சி.

மற்ற கார்களில் பானெட்டை மட்டும் தூக்குவார்கள். ஹெரால்டில் பக்கத்து மட்கார்டுகளும் சேர்ந்து, காரின் மூக்கு முழுவதும் முன்பக்கமாகச் சாயும். எஞ்சினும் முன்சக்கரமும் அப்படியே வெளியே தெரியும். இதைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, வண்டி உடைஞ்சு போச்சே!" என்று கத்தியவர்கள் எத்தனையோ பேர்!

1985ல் இதே கம்பெனி "ஸ்டாண்டர்டு 2000" என்ற பெரிய காரை விட்டுப் பார்த்தது. அது எடுபடவில்லை. அதற்கு முன்பே, 1983 டிசம்பரில் மாருதி 800 வந்துவிட்டது. 1980களின் கடைசியில் ஸ்டாண்டர்டு கார் உற்பத்தி நின்றது.

கம்பெனி போன பிறகு, ரோட்டில் வண்டி குறைந்தது. வண்டி குறைந்த பிறகு, பெயரும் மறந்தது. அதனால்தான் சென்னையில் பிறந்த காரைச் சென்னைக்காரரே வெளிநாட்டு வண்டி என்கிறார்.

நம்பர் பலகையிலும் குழப்பம் வரும். எம்.எஸ். என்று தொடங்கும் நம்பரைப் பார்த்ததும், "வேற ஸ்டேட் வண்டியா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். டி.என். என்ற எழுத்து வந்தது 1989ல். அதற்கு முன்னால் பதிவான தமிழ்நாட்டு வண்டிகளுக்குப் பழைய எழுத்துகள்தான்.

"ஸ்பேர் கிடைக்காதே!"

அடுத்து எல்லோரும் சொல்வது இது: "ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதே சார், எப்படிச் சமாளிக்கிறீங்க?"

இதை அம்பத்தூரில் நின்றுகொண்டு சொல்வதுதான் வேடிக்கை!

1960களில் இந்தியாவின் கார்களுக்குப் பாகம் செய்து கொடுத்த ஊரே இதுதான். பாடியில் 1960ல் வீல்ஸ் இந்தியா வந்தது. சக்கரம் செய்தது. 1961ல் லூகாஸ் டி.வி.எஸ். வந்தது. டைனமோவும் ஸ்டார்ட்டரும் செய்தது. 1962ல் பிரேக்ஸ் இந்தியா வந்தது. அம்பத்தூரில் டன்லப் டயர் தொழிற்சாலை இருந்தது. 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கியது. ஆவடியில் ராணுவ டாங்கித் தொழிற்சாலை. "விஜயந்தா" டாங்கி 1965ல் அங்கே இருந்து வெளியே வந்தது.

இத்தனை தொழிற்சாலை இருந்த இடத்தில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? தொழிற்பேட்டைச் சந்துகளில் உள்ள லேத் பட்டறையில் ஒரு தேய்ந்த புஷ்ஷைக் கொடுத்தால், அளவு எடுத்துக் கடைந்து கொடுத்துவிடுவார்கள். பழைய பாகத்துக்குப் புதுப்பேட்டை இருக்கிறது. புதுப் பாகத்துக்கு ஜி.பி. ரோடு இருக்கிறது.

கண்ணாடியும், ரப்பர் பீடிங்கும், பெயர்த் தகடும் கிடைப்பதுதான் கஷ்டம். எஞ்சின் சாமான் பெரும்பாலும் எப்படியாவது கிடைத்துவிடும்.

மெய்யான பஞ்சம் வேறு. கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரி செய்யும் கிழ மெக்கானிக்குகள் குறைந்து வருகிறார்கள். அவர்களிடம் தொழில் கற்க ஆள் இல்லை. பாகத்தைக் கடைந்து எடுக்கலாம். கைப்பழக்கத்தை எந்த லேத்தில் கடைவது?

"பாட்டரி போச்சு!"

சித்திரை வெயிலில் பூந்தமல்லி ஹைரோட்டில் ஒரு பழைய கார் நின்றுவிட்டது. உடனே நாலு பேர் கூடுவார்கள்.

"பாட்டரி போச்சு" என்பார் ஒருவர். "பெட்ரோல் தீர்ந்திருக்கும்" என்பார் இன்னொருவர். "தள்ளிப் பாருங்க தம்பி" என்பார் மூன்றாமவர்.

மூன்றுமே தவறாக இருக்கலாம். பழைய காரில் பெட்ரோல் பம்பு எஞ்சின் பக்கத்திலேயே இருக்கும். எஞ்சின் சூட்டில் குழாயில் உள்ள பெட்ரோல் ஆவியாகிவிடும். ஆவி அடைத்துக் கொண்டால் பெட்ரோல் போகாது. வண்டி நின்றுவிடும். பம்பின் மேல் ஈரத்துணியைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிட்டால், தானாகக் கிளம்பும். தள்ளினால் தள்ளியவருக்கு வேர்வைதான் மிச்சம்.

இப்போது பெட்ரோலிலேயே ஒரு புது விஷயம் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது என்ற இலக்கை 2025ல் நாடு எட்டியது. கரும்பிலும் தானியத்திலும் இருந்து எடுப்பது எத்தனால். வெளிநாட்டு எண்ணெய்ச் செலவு குறையும் என்பதற்காக இந்த ஏற்பாடு. பழைய கார்களின் ரப்பர் குழாயும் வாஷரும் இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் பட்டால் அவை ஊறி உப்பலாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும் குணம் உள்ளது. வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் டாங்கியில் துரு ஏறும்.

இதற்கு மாற்று உண்டு. எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றிக் கொள்ளலாம். வண்டியை அடிக்கடி கொஞ்ச தூரமாவது ஓட்டலாம். குழாய் வெடித்துப் பெட்ரோல் ஒழுகினால் தீப்பிடிக்கும் ஆபத்து இருப்பதால், இதில் அசட்டை கூடாது.

"அந்தக் காலத்து இரும்பு!"

புகழ்ந்து சொல்லும் தவறும் ஒன்று உண்டு. வீட்டுப் பெரியவர்கள் பலர் இதை நம்புகிறார்கள்.

"அந்தக் காலத்து இரும்பு! இடிச்சா எதிராளி வண்டிதான் நசுங்கும். இதுக்கு ஒண்ணும் ஆகாது."

கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் இது ஆபத்தான பேச்சு.

2009ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். 1959ஆம் வருஷத்துச் செவர்லே பெல்ஏர் காரையும், 2009ஆம் வருஷத்துச் செவர்லே மாலிபு காரையும் நேருக்கு நேர் மோதவிட்டார்கள். இரண்டிலும் மனிதப் பொம்மைகளை உட்கார வைத்திருந்தார்கள். நீண்டு பருத்த பழைய காரின் முன்பக்கம் நொறுங்கி, ஸ்டீரிங் உள்ளே வந்து பொம்மையை நசுக்கியது. புதுக் காரின் மூக்கு நசுங்கியது. ஆனால் ஆள் உட்காரும் இடம் அப்படியே நின்றது.

காரணம் என்ன? புதுக் காரின் மூக்கு நசுங்குவதற்கென்றே செய்யப்பட்டது. மோதும் வேகத்தை அது வாங்கிக் கொள்கிறது. ஆளுக்கு அடி குறைகிறது. பழைய காரில் அந்த ஏற்பாடு இல்லை. காற்றுப் பை கிடையாது. பலவற்றில் பெல்ட்டும் கிடையாது.

ஆகவே, பழைய காரில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பைபாஸ் ரோட்டில் லாரிகளோடு போட்டி போடுவது புத்திசாலித்தனம் அல்ல. நல்ல பெல்ட் மாட்டிக் கொண்டு, நிதானமாக, பகலில் ஓட்டுவதே சரி.

பார்ப்பவர் சொல்வது சரியாகும் இடம்

பார்க்கிறவர்கள் எல்லாம் தவறாகத்தான் பேசுகிறார்கள் என்று நினைக்கக் கூடாது. சில சமயம் சொந்தக்காரர்தான் தவறு.

ஆவடியில் இது நன்றாகத் தெரியும். ராணுவக் குடியிருப்பு உள்ள ஊர் அல்லவா? பழைய ஜீப்பை வாங்கி, ஆசையாக ராணுவப் பச்சை வர்ணம் அடிப்பவர்கள் உண்டு. "இந்தக் கலர் அடிக்கக் கூடாதுங்க" என்று பார்ப்பவர் சொல்வார். சொந்தக்காரர் சிரிப்பார்.

இங்கே சிரிக்க வேண்டியவர் பார்ப்பவர்தான்! ராணுவ வண்டியைத் தவிர வேறு வண்டிக்கு அந்த ஆலிவ் பச்சை வர்ணம் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது.

"புகை வருதே சார்" என்பதும் அப்படித்தான். பழைய காரில் புகையைச் சுத்தம் செய்யும் கருவி இல்லை. நான்கு பெருநகரங்களில் புதுப் பெட்ரோல் கார்களுக்கு அந்தக் கருவி கட்டாயம் ஆனது 1995ல்தான். அதற்கு முந்தைய கார், ஒவ்வொரு மைலிலும் புதுக் காரைவிட அதிகம் கெட்ட காற்றை விடும். இதை மறுக்க முடியாது. கணக்கும் உண்டு. பழைய பெட்ரோல் காரின் புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டாமல் எஞ்சினைச் சீராக வைத்துச் சர்ட்டிபிகேட் வாங்குவது சொந்தக்காரரின் கடமை.

வாரத்துக்கு ஒரு நாள் வெளியே வரும் நூறு பழைய கார்களால் ஊர்க் காற்று கெட்டுவிடாது. தினமும் ஓடும் லட்சக்கணக்கான வண்டிகளால்தான் கெடுகிறது. ஆனாலும், "என் வண்டி ஒன்றுதானே" என்று ஒவ்வொருவரும் நினைத்தால் அது நியாயம் ஆகாது.

வீட்டில் ஒரு கார் நின்றால்

சரி, ஒரு வீட்டில் அப்பாவின் பழைய கார் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். அப்பா காலமாகிவிட்டார். மகன் வேலைக்குப் போகிறான். கார் மேல் தார்ப்பாய் போட்டிருக்கிறது.

ஒருநாள் ஒருவர் வருகிறார். "அம்மா, இனிமே இதை வச்சிருந்தாலே தப்பு. சர்க்கார் எடுத்துக்கும். நான் வேணா இரும்பு விலைக்கு எடுத்துக்கறேன்" என்கிறார்.

என்ன செய்ய வேண்டும்?

முதலில் பதறக் கூடாது. காரின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பதிவு என்றைக்கு முடிகிறது என்று அதில் இருக்கும். முடிவதற்கு 60 நாளுக்குள் இருந்தால் இப்போதே புதுப்பிக்க விண்ணப்பம் போடலாம். முன்பே முடிந்திருந்தால் வண்டியை ரோட்டில் ஓட்டாமல், ஆர்.டி.ஓ. ஆபீசில் விசாரித்து, தாமதக் கட்டணத்தோடு புதுப்பிக்க வழி கேட்க வேண்டும்.

இரண்டாவது, புத்தகம் அப்பாவின் பெயரில் இருந்தால், அதை வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால், இன்சூரன்சிலும் விற்பனையிலும் தொல்லை வரும்.

மூன்றாவது, கார் எந்த வருஷத்தது என்று பார்க்க வேண்டும். 50 வருஷம் தாண்டியிருந்தால், வின்டேஜ் பதிவைப் பற்றி யோசிக்கலாம்.

நான்காவது, விற்பதாக இருந்தால், விஷயம் தெரிந்த இரண்டு, மூன்று பேரிடம் காட்டிய பிறகே விற்க வேண்டும். ஒழுங்காக உள்ள ஹெரால்டுக்கும் பியட்டுக்கும் ஆசைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அதற்காகக் கோடி ரூபாய் கிடைக்கும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். இரும்பு விலை என்பதும் பொய். கோடி என்பதும் பொய்.

ஐந்தாவது, ஓட்ட முடியாத அளவுக்குத் துருப்பிடித்துப் போன காராக இருந்தால், அரசாங்கம் பதிவு செய்த உடைப்பு நிலையத்தில் கொடுத்துச் சர்ட்டிபிகேட் வாங்கிவிட வேண்டும். தெருவில் வரும் ஆளிடம் கொடுத்தால், நம்பரும் புத்தகமும் வேறு யார் கையிலாவது போய்ச் சேரலாம். நாளை அந்த நம்பரில் குற்றம் நடந்தால், போலீஸ் வருவது நம் வீட்டுக்குத்தான்.

பேச்சும் பதிலும்

பழைய காரைப் பார்த்ததும் பேச வேண்டும் என்று தோன்றுவது தவறு அல்ல. ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு ஞாபகம் இருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்த கார். அப்பா டிரைவராக ஓட்டிய கார். டாக்டர் வீட்டு வாசலில் நின்ற கார். "அம்பாசடர்தானே?" என்று கேட்பவர் பெரும்பாலும் காரைப் பற்றிக் கேட்கவில்லை. தன் ஞாபகத்தைப் பற்றித்தான் கேட்கிறார்.

அதனால் சொந்தக்காரர்களுக்குக் கோபம் வேண்டாம். சிரித்த முகத்தோடு கார் பெயரைச் சொன்னால் போதும். கேட்டவர் வீட்டுக்குப் போய் நாலு பேரிடம் சொல்வார். மறந்து போன ஒரு பெயர் மறுபடியும் உலாவும்.

ஆனால் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டு பக்கமும் ஜாக்கிரதை வேண்டும். தெரிந்தால் சொல்லலாம். தெரியாவிட்டால் கேட்கலாம். அரைகுறையாகக் கேட்டதை அப்படியே சொன்னால், சொன்னவருக்கு அது பொழுதுபோக்கு. கேட்டவருக்கு அது அப்பாவின் கார்.

"பிடிச்சா உடைச்சிடுவாங்க" என்ற ஸ்கூட்டர்காரருக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது கார் டாஷ்போர்டில் இருக்கிறது. தேதி முடியாத ஆர்.சி. புத்தகம்!